மழைக்காட்டு மண்ணும் இஞ்சிக் கடனும்
(கூடலூர் மலைப்பக்கத்து ஐக்கிய நாணய சங்கமொன்றின் வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



கணக்கும் வாய்தாவும் பேசவேண்டிய இன்ஸ்பெக்டர் காட்டைப்பற்றிப் பேச எழுந்ததேன் என்று நீங்கள் வியக்கலாம். நமது சங்கத்தின் தவணை தப்பிய பாக்கிகளில் ஒரு பகுதி, காட்டோரச் சரிவுகளில் இஞ்சி பயிரிட்டவர்கள் பேரில் நிற்கின்றது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தால் காட்டு மண்ணில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

உத்தியோகத்தில் நான் புதியவனாயிருந்தபோது ஓர் அங்கத்தினர் தமது சரிவு நிலத்தைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். மரங்கள் நீங்கி ஓராண்டே ஆகியிருந்தது. மண் கறுத்து, கையிலெடுத்தால் உதிர்ந்தது. இஞ்சி முழங்காலுக்கு மேல் தழைத்து நின்றது. அந்த ஒரு பருவத்து விளைச்சலைக்கொண்டே நிலத்தை மதிப்பிட்டுப் பெருந்தொகைக்குச் சிபாரிசு செய்தேன். இரண்டாம் ஆண்டு கிழங்கில் அழுகல் கண்டது. மூன்றாம் ஆண்டு மரவள்ளி வைத்தார். தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை ஓடையில் தள்ளிவிட, செம்மண்ணும் சரளையும் மிஞ்சின. அவரும் ஜாமீன்தாரரும் மாடுகளை விற்றுக் கடனைத் தீர்த்தனர். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. பிழை என்னுடையதே.

“ஐயா, வானளாவிய விருக்ஷங்களை வளர்க்கும் மண் கொழுத்த மண்ணாகத்தானே இருக்கவேண்டும்?” என்று பெரியவர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். நானும் அவ்வாறே நினைத்துத்தான் ஏமாந்தேன். மழைமிகுந்த உஷ்ணப் பிரதேசங்களில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்யும் மழை சுண்ணாம்பு, சாம்பல் சத்து முதலிய உப்புக்களைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த புளித்த செம்மண் எஞ்சுகிறது. பாஸ்வரச் சத்து அதில் கிடந்தாலும் மண் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்குக் கொடுப்பதில்லை. பின் காடு எதனால் பிழைக்கிறது? சத்தின் பெரும்பகுதியை மரங்கள் தம் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 2 முதல் 4 டன் வரை இலையும் சுள்ளியும் காய்ந்து உதிர்கின்றன. கறையானும் மண்புழுவும் கண்ணுக்குத் தோன்றாத பூஞ்சணங்களும் இச்சருகை மக்கச் செய்ய, மேலாகப் படர்ந்த மெல்லிய வேர்கள் அதைச் சிந்தாமல் வாங்கிக்கொள்கின்றன. வரவு வந்த அன்றே பட்டுவாடாவாகிவிடும் சங்கத்தைப்போன்றது இது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ரொக்கம் இராது.

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பக்கங்களில் சீமைக் கம்பெனிகள் தங்கம் தேடி ஏராளமான மூலதனத்தைக் கொட்டின. சில ஆண்டுகளில் கலைந்தும் போயின. பாறைக்குள் தேடிய செல்வம் அவர்கள் காலடியில் சில அங்குல மக்காகக் கிடந்தது. அதற்காக அவர்களைப் பார்த்து நாம் நகைக்க இயலாது.

நிற்க, காட்டை அடியோடு வெட்டினால்தான் மண் கெடும் என்பதில்லை. தூரத்திலிருந்து பார்க்கையில் காடு பசுமையாகவே தோன்றும். உள்ளே விறகுக்காகக் கிளை கழித்திருப்பார்கள், எருவுக்காகச் சருகு வாரியிருப்பார்கள், மாடுகள் கன்றுகளை மேய்ந்திருக்கும். மேற்கூரையில் ஓட்டை விழுந்தவுடன் வெயில் தரையில் படுகிறது. மண் சூடேறி, மக்கு விரைவில் கரைகிறது. காய்ந்த சருகில் கோடையில் தீப்பிடிக்கிறது. மாட்டுக் குளம்பும் இழுத்துச்செல்லும் கட்டைகளும் மண்ணை மிதித்து இறுக்குகின்றன. முன்பு உறிஞ்சப்பட்ட மழை இப்போது மேலோடு ஓடுகிறது. உயர்ந்த மரமொன்று இருந்தால் போதும், மழையின் வேகம் தணியுமென்று நினைப்பதும் தவறு. அகன்ற தேக்கிலையில் சேர்ந்து விழும் துளி மழைத்துளியினும் பெரிது. கீழே செடியும் சருகும் இல்லாத தேக்குத் தோப்பில் அத்துளி தரையைக் குழிக்கிறது. மண்ணைக் காப்பவை முக்கியமாகத் தரைச் சருகும் சிறு செடிகளுமே. காடு அழிந்து வயலான உஷ்ணப்பிரதேச நிலங்களில், மண்ணிலுள்ள கரிமச்சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுவதாக ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். திறந்த இடத்தில் உண்ணிச்செடி புகுந்துவிட்டால் மரக்கன்று தலையெடுப்பது வெகு கடினம்.

இஞ்சி இதில் இரட்டை நஷ்டம் செய்கிறது. அழுகல் நோய்க்கு அஞ்சி ஆண்டுதோறும் வேறு நிலம் தேடுகிறோம். ஆகவே புதுச் சரிவு திறக்கப்படுகிறது. அதன்மேல், நடும்போது ஏக்கருக்குச் சுமார் 4 டன் பச்சைத் தழையை மூடாக்காக இடுகிறோம். பின்னும் இருமுறை இடுகிறோம். பச்சைத் தழைக்கும் காய்ந்த சருகுக்கும் எடை வேறு என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் அத்தழை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பக்கத்துக் காட்டிலிருந்து! நம் ஏக்கரோடு வெட்டாத ஏக்கரும் இளைக்கிறது.

இஞ்சியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடும்பச் செலவு அதில் நடப்பதை அறிவேன். வரப்பிலும் வேலியிலும் கிளைரிசிடியா நட்டால் மூடாக்குத் தழை சொந்த நிலத்திலேயே கிடைக்கும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைக்கலாம். சருகைக் கொளுத்தினால் கிடைக்கும் சாம்பல் ஒரு பருவத்துக்கு உதவும். அடுத்த பெருமழையில் அதுவும் போய்விடும், ஆகவே கொளுத்துவதை நிறுத்தவேண்டும். ஏலமும் மிளகும் நிழல்மரங்களை வைத்துக்கொண்டே பலன் தருவன. கெட்ட காட்டுத் துண்டுகளில் சுதேச மரக்கன்றுகளை நட்டு மீட்கும் வேலை, ஆனைமலையில் வால்பாறைப் பக்கத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி நடந்துவருகிறது. களையெடுத்துப் பாதுகாத்தாலும் கன்றுகள் நிழல் கொடுக்கப் பல ஆண்டுகளாகின்றன. மண் தேற அதனினும் அதிக காலமாகும். இதை உத்தேசித்தே கெடுவதற்கு முன் காப்பது மலிவு என்கிறேன்.

பஞ்சாயத்தார் இசைந்து ஒரு யோசனை செய்திருக்கிறோம். சரிவு நிலத்தின்பேரில் கடன் கேட்கும் விண்ணப்பத்தில், நிலம் எத்தனை ஆண்டுகளுக்குமுன் திறக்கப்பட்டது, கறுப்பு மண் எத்தனை அங்குலம், மூடாக்குத் தழை எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகள் சேர்க்கப்படும். அங்குலக் கணக்கை ஜாமீன்தாரர் முன்னிலையில் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தே எழுத வேண்டும். தீர்மானத்தைக் காரியதரிசி இப்போது வாசிப்பார். ஆட்சேபணையுள்ளவர்கள் தயங்காமல் எழுந்து சொல்லலாம்.