தூற்றினால் ஒளிந்து குடிப்பார்

 

ஸ்ரீ கெம்பாங்கானில் வியாபாரம் செய்பவன் நான். கடைக்குச் சாமான் கொண்டுவரும் லோரி டிரைவர் ஒருநாள் சொன்னதை, அவர் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன்: "பாய், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. வீட்டுல தெரிஞ்சா ஒதுக்கிடுவாங்கன்னு பயம். தூக்கம் வராம குடிக்கிறேன். குடிச்ச ராத்திரி மாத்திரை மறந்துடுது."

மலேசியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல். இன்று அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு முதல்கட்ட மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தச் சோதனையில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். குடியோ கல்லீரலைக் கெடுக்கும், மனச்சோர்வையும் கூட்டும்.

மது ஹராம், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடிப்பவரைத் தூற்றினால் ஒளிந்து குடிப்பார், டாக்டரிடமும் மறைப்பார். நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொற்படி குறைத்து நிறுத்துவதே பாதுகாப்பு.

நண்பரோடு கிளினிக்கிற்கு நானும் போனேன். குடிப்பதையும் டாக்டரிடம் சொன்னார். இப்போது தினமும் இரவு 9 மணிக்குக் கடையை மூடும்போது போன் போட்டு, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஒதுக்காமல் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.