கடைச் சிப்பந்திகளின் கூலியும் நமது வியாபாரமும்

(பெருங்குடியில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் சங்கத்தில் கடை வைத்திருப்போரும் உளர். கடையில் ஊழியம் புரிவோரும் உளர். இவ்விரு சாராரும் அருகருகே அமர்ந்திருக்கும் இச்சபையில் கூலியைப் பற்றிப் பேசுவது சற்றுக் கூச்சமான காரியமே. பேசாதிருத்தல் அதனினும் தீது என்றெண்ணி இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைகளுக்குச் செல்லாதார் நம்மில் எவருமிலர். அங்கே புடவைகளை விரித்துக் காட்டும் பெண்மக்களிற் பலர் தென் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். காலையில் நின்றவர்கள் கடை சாத்துமளவும் நின்றபடியே இருப்பது நெடுநாள் வழக்கம். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' என்னும் படம் காட்டியது இவர்கள் வாழ்க்கையையே. உணவும் உறைவிடமும் முதலாளியே அளிக்கின்றார் என்று சிலர் புகழ்வர். அதில் உபகாரம் உண்டென்பதை மறுக்கோம். ஆனால் வேலை போன அன்றே படுக்குமிடமும் போகுமாயின், எவள்தான் வாய் திறப்பாள்?

கடைகளுக்கென்று சென்னை மாகாணத்தில் 1947-லேயே சட்டம் உண்டாயிற்று. நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்று அது விதித்தது. உட்கார ஆசனம் இடவேண்டுமென்னும் விதியோ 2021-ல்தான் அதிற் சேர்ந்தது. கேரளத்தில் 2018-ல் வந்தது. ஒரு முக்காலிக்கு எழுபத்து நான்கு ஆண்டுகள்! கேட்பதற்கு ஒரு சங்கம் இல்லாமையே இத்தாமதத்திற்குக் காரணம் என்பது நமது துணிபு. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் சிலர் சங்கத்திற் சேர்ந்தமைக்காக வேற்றூருக்கு மாற்றப்பட்டு, 2014 டிசம்பர் முதல் நூறு நாட்களுக்கு மேல் போராட நேர்ந்தது.

தொழிலாளர் சங்கம் என்றதும் நம் வியாபாரிகள் முகம் சுளிக்கின்றனர். அவர்கட்கு ஒரு பழங்கதையை நினைப்பூட்ட விரும்புகின்றோம். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திற்கு வித்திட்டவர் எவர்? செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இரு வியாபாரிகள்! பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அவர்களிடம் சாமான் வாங்கிய வாடிக்கைக்காரர்கள். வாடிக்கைக்காரனின் கஷ்டத்தைக் கல்லாவிலிருந்தே கண்டறிந்த அவ்விருவரும் வாடியா அவர்களை அழைத்து வந்தனர், திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் துணை நின்றார். மத்தியான உணவிற்கு அரை மணி போதாது என்பது அவர்கள் தொடக்கத்திற் கேட்டவற்றுள் ஒன்று. கம்பெனியார் 1920-ல் ஆலையை மூடி, உயர்நீதிமன்றஞ் சென்று, வாடியாவுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றனர். 1921-ன் நீண்ட வேலைநிறுத்தமும் தோற்றது. எனினும் அத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்கும் சட்டம் 1926-ல் பிறந்தது.

செட்டியார் கண்டது கணக்குத்தான். தொழிலாளி கையில் வரும் ரூபாய் பெட்டியில் உறங்குவதில்லை. அந்த வாரமே அரிசிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திற்கும் போய்விடும். பட்டை விற்கும் பெண் தன் துணியை நடைபாதையில் பேரம் பேசி வாங்குகின்றாள். அவளைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் வாங்க மாட்டாதவராயிருக்க, விற்பனை மந்தமென்று நாம் ஆடித் தள்ளுபடி போட்டுக்கொண்டிருக்கின்றோம்.

"நான் ஒருவன் கூலியை உயர்த்தினால் அடுத்த கடைக்காரன் விலையைக் குறைத்து என்னை விழுங்கிவிடுவானே" என்பர். மெய்தான். வாடகையும் ஆன்லைன் வியாபாரமும் வேறு நெருக்குகின்றன. சிறு கடைக்காரரின் இடர் நமக்குத் தெரியாததன்று. ஆதலினாலன்றோ தெரு முழுதும் ஒருங்கே கூலி உயரவேண்டும் என்கின்றோம்! அதனைத் தனி முதலாளியின் தருமகுணம் செய்யாது. சட்டமும், சட்டத்தை அமலுக்குக் கொணரும் சங்கமுமே செய்யும். நியாயமாகக் கூலி கொடுக்கும் கடைக்காரருக்கு அதுவே காவல்.

கடை நடத்தும் அங்கத்தினர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் சற்றே இருக்க வேண்டுகின்றோம். தத்தம் கடையில் எத்தனை பேர் நிற்கின்றனர், எத்தனை முக்காலிகள் உள்ளன, வேலை நேரம் எவ்வளவு, கூலி என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தருவார்களாக. ஊழியம் புரியும் சகோதரிகளும் தங்கள் கணக்கைத் தனியே எழுதித் தரலாம். இரண்டையும் அடுத்த கூட்டத்தில் ஒத்துப் பார்ப்போம்.