தம்பிக்கு அது முதல் வீடு



சிங்கப்பூரில் பல குடும்பங்களில் நடக்கும் பேச்சு இது. அண்ணனுக்கு வீவக வீடு இருக்கிறது. அதில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டும் முடிந்துவிட்டது. தம்பிக்கு வயது முப்பது; சொந்த வீடு இல்லை.

"தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு 'டூயல் கீ' கொண்டோமினியம் வாங்குவோம். ஒரே பத்திரம், உள்ளே ரெண்டு குடித்தனம். ஒண்ணுல நீ இரு, இன்னொண்ணை வாடகைக்கு விடுவோம். உனக்கு முதல் வீடுதானே, கூடுதல் முத்திரை வரி வராது" என்கிறார் அண்ணன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று தம்பி தலையாட்டுகிறார்.

கணக்கு தவறுவது அங்கேதான். இருவர் சேர்ந்து வாங்கினால், யாருக்கு வரி விகிதம் அதிகமோ அதுவே முழு விலைக்கும் விதிக்கப்படும். அண்ணனின் வீவக வீடும் கணக்கில் சேரும். குடிமக்களின் இரண்டாவது வீட்டுக்கு 2023 ஏப்ரல் முதல் 20 விழுக்காடு. வீட்டின் விலை 1.2 மில்லியன் வெள்ளி என்றால் வரி மட்டும் 240,000 வெள்ளி! மாத வாடகை 2,000 வெள்ளி கிடைத்தாலும், அதை ஈடுகட்டவே பத்தாண்டு ஆகும்.

"முதலில் தம்பி பெயரில் வாங்கி, பிறகு ஒரு விழுக்காட்டை மட்டும் அண்ணனுக்கு மாற்றலாமே" என்று சிலர் வழி சொல்வார்கள். வரியைத் தவிர்க்கவே அப்படிச் செய்தது தெரிந்தால், உள்நாட்டு வருவாய் ஆணையம் உரிய வரியோடு, அதில் 50 விழுக்காட்டை மேற்கொண்டும் வசூலிக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாளை தம்பி திருமணம் செய்துகொண்டு, வீவகவின் புது பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தால்? தனியார் வீட்டில் உள்ள தம் பங்கை விற்றுவிட்டு 30 மாதம் காத்திருக்க வேண்டும். வாங்கிய நான்கு ஆண்டுக்குள் விற்றால், விற்பவருக்கான முத்திரை வரியும் உண்டு. இது 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடுகளுக்கான விதி.

இந்தக் கூட்டில் அண்ணன் போடுவது பணம். தம்பி போடுவது, முதல் வீடு வாங்குபவர் என்ற தகுதி. அண்ணனோடு சேர்ந்து வாங்கினால் அதனால் வரிச்சலுகையும் இல்லை. தம்பிக்குப் பின்னாளில் அது உதவுவதும் தள்ளிப்போகிறது.

ஆகவே கையெழுத்திடும் முன் இருவரும் வழக்குரைஞரைப் பாருங்கள். அதற்கும் முன்பு அண்ணன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, உனக்கு எப்பக் கல்யாணம்?"