எலிவேற்றருக்கும் ஒரு கணக்குப் பரிசோதனை



நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் குடியேறிய இடங்களை நினைத்துப் பாருங்கள். ரொறன்ரோவில் வெல்லெஸ்லி - பார்லிமென்ட் பக்கமுள்ள சென்ற் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடிகளில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் எத்தனையோ எங்கள் குடும்பங்கள் வாழ்ந்தன. அவை 1960களில் எழும்பிய கட்டடங்கள். பலர் வீடு வாங்கிப் போய்விட்டோம். ஆனால் எங்கள் அம்மா அப்பாமார் பலர் இன்றும் தொடர்மாடிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எலிவேற்றர்தான் வீட்டு வாசற்படி. எனவே இன்று, அந்த எலிவேற்றர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது என்பதைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். நான் பொறியியலாளன் அல்ல, கணக்காளன். ஆனால் இது பெரும்பாலும் கணக்கு விடயம்தான்.

மூன்று எலிவேற்றர் உள்ள கட்டடத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தினால், எது வரவேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. முன்பு இந்த வேலையைக் கீழே நின்ற ஒரு மனிதர் செய்தார். 1950களில் இருந்து அது தானியங்கி ஆனது. அதற்கு ஒரு குறை உண்டு. பொத்தான் அழுத்தப்பட்டது மட்டுமே அதற்குத் தெரியும். அங்கே நிற்பது ஒரு ஆளா, தள்ளுவண்டியோடு ஒரு குடும்பமா என்பது தெரியாது.

ஒரு எலிவேற்றர் தொகுதியைப் பரிசோதிப்பவர்கள் முதலில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று, கட்டடத்தில் இருப்பவர்களில் எத்தனை வீதமானவர்களை 5 நிமிடத்தில் ஏற்றி இறக்க முடியும் என்பது. அலுவலகக் கட்டடத்துக்கு நூற்றுக்கு 12 வீதமளவில் எதிர்பார்ப்பார்கள். குடியிருப்புக்கு 5 முதல் 7 வீதம். 400 பேர் வாழும் கட்டடம் என்றால் 5 நிமிடத்தில் 20 முதல் 28 பேர். மற்றது, ஒரு பெட்டி கீழ்த்தளத்தை விட்டுப் போனதற்கும் அடுத்த பெட்டி போவதற்கும் இடையிலான நேரம். ஒரு பெட்டி மேலே போய்த் திரும்பிவர 150 செக்கன் எடுத்தால், மூன்று பெட்டிக்கு இந்த இடைவெளி 50 செக்கன். ஒன்று பழுதானால் 75. இரண்டு பழுதானால் 150. ஒரு எலிவேற்றர் நின்றால் மற்ற இரண்டும் சமாளிக்கும் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, 150 செக்கன் எதில் செலவாகிறது? பெரும்பகுதி ஓட்டத்தில் அல்ல, நிற்பதில். கீழ்த்தளத்துக்கு மேல் 10 மாடி இருக்கிறது, 10 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்த மாடி என்பது சமவாய்ப்பு என்றால், சராசரியாக ஆறரை இடத்தில் அது நிற்கவேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் வேகம் குறைந்து, கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, கதவு மூடிப் புறப்பட ஏறக்குறைய 10 செக்கன் போய்விடும். கதவு மூடுவது இரண்டு செக்கன் தாமதமானாலே நாள் முழுவதற்கும் அது எவ்வளவு என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் கதவைப் பார்க்கவேண்டும்.

இந்தத் தரிப்புகளைக் குறைக்க ஒரு வழியை 1961இல் லியோ போர்ட் என்பவர் முன்வைத்தார். போலந்தில் பிறந்து சிட்னியில் குடியேறிய பொறியியலாளர். பின்னர் அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். உள்ளே ஏறிய பிறகு மாடியை அழுத்தாமல், வெளியிலேயே அழுத்துங்கள். ஒரே மாடிக்குப் போகிறவர்களை ஒரே பெட்டியில் ஏற்றலாம் என்பது அவருடைய யோசனை. 1990களில்தான் அது சந்தைக்கு வந்தது. இன்று புதிய அலுவலகக் கோபுரங்களில் பார்க்கிறோம். காலையில் எல்லோரும் மேலே போகும் நேரத்தில் அது மிக நன்றாக வேலை செய்யும். மதிய நேரத்தில் அந்த அளவு இலாபம் இல்லை. பொருத்தித் தருகிறோம் என்று வருபவர் பயண நேரம் குறையும் என்பார். வெளியில் காத்துநிற்கும் நேரம் கூடலாம் என்பதைச் சொல்லமாட்டார். இரண்டையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். ஐந்து பேருக்குச் சேர்த்து ஒருவர் ஒரு தடவை மட்டும் அழுத்தினாலும் அதன் கணக்குப் பிழைத்துவிடும்.

இனி, கணக்காளன் என்ற முறையில் எனக்கு முக்கியமானது. சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது பேர் தலா 20 செக்கன் காத்துநிற்கிறார்கள், ஒருவர் 200 செக்கன். சராசரி 38 செக்கன். அறிக்கையில் அழகாக இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் முழங்கால் வலியோடு நிற்கும் பாட்டியாக இருக்கலாம். எனவே, ஒரு நிமிடத்துக்கு மேல் எத்தனை பேர் நின்றார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

எந்த மாடியில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். குடியிருப்பில் காலை நேரம் எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். பெட்டி மேல்மாடிகளிலேயே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய பெட்டி நான்காம், ஐந்தாம் மாடிகளில் நிற்காமலே போகும். லொபியில் நின்று அளந்தால் இது தெரியவராது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? ரொறன்ரோவிலும் பக்கத்துப் பீல் பகுதியிலும் 2007 முதல் 2012 வரை வீடுகளில் மாரடைத்து இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு, 2016இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 வீதமானோர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 வீதம். 16ஆம் மாடிக்கு மேலே நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 25ஆம் மாடிக்கு மேலே ஒருவரும் பிழைக்கவில்லை. அம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகும் நேரம் ஓடுகிறது. வாசல் கதவு திறக்க ஆள் வேண்டும், எலிவேற்றரைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். 911ஐ அழைத்த கையோடு ஒருவரைக் கீழே அனுப்புங்கள். கட்டடக் காவலரும் சூப்பரும் இதை அறிந்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள்.

ஒன்ராறியோவில் 2022 யூலை முதலாம் திகதியில் இருந்து, குடியிருப்புக் கட்டடத்தில் எலிவேற்றர் 48 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் நின்றால், உரிமையாளர் அதை மாகாணப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். ஆனால் அன்றாடம் நீங்கள் நிற்கும் நேரத்தை உங்களுக்காக யாரும் எழுதிவைக்கமாட்டார்கள்.

அதை நீங்களே செய்யலாம். ஒரு கொப்பி, ஒரு கடிகாரம் போதும். ஐந்து நாட்கள், காலை ஏழரையில் இருந்து எட்டரை வரை, கீழே ஒருவர், நடு மாடியில் ஒருவர், மேலே ஒருவர். பொத்தான் அழுத்திய நேரம், பெட்டி வந்த நேரம், ஏறமுடியாமல் நின்றவர்கள், அன்று ஓடிய பெட்டிகள், இந்த நான்கையும் எழுதுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள். திகதி போட்ட அந்தத் தாளுடன் முகாமையாளரிடமோ கொண்டோ சபையிடமோ போங்கள். "எலிவேற்றர் சரியில்லை" என்று பத்துப் பேர் சத்தம் போட்டால் பார்க்கிறோம் என்பார்கள். "செவ்வாய்க்கிழமை ஐந்தாம் மாடியில் 14 பேரில் 6 பேர் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றார்கள்" என்று எழுத்தில் கொடுத்தால், பதிலும் எழுத்தில் தரவேண்டி வரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.