ஆம்பூர்த் தோலும் நீலகிரி வரையாடும்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். செடியிலிருந்து உரித்து, உலர்த்தி, இடித்து, தொட்டித் தண்ணீரில் போட்டுத் தோலை ஊறவைப்பார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீர். பதனிடும் துவர்ப்புச் சத்துக்கான தேவை பெருகவே, பட்டையில் அந்தச் சத்து உள்ள, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தை நீலகிரிப் புல்வெளிகளில் நட்டுத் தள்ளினார்கள். புல்தரையைத் தரிசு என்று நினைத்த காலம் அது! பின்னர் தோல் ஆலைகள் பெரும்பாலும் குரோமியத்துக்கு மாறிவிட்டன. மரம் போகவில்லை. வெட்டினாலும், மண்ணில் கிடக்கும் விதை முளைத்துவிடுகிறது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடும் புல்வெளி சுருங்கியது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சல் குறைந்தது. வரையாட்டைக் காக்கத் தமிழக அரசு 2023-இல் தனித் திட்டமே தொடங்கியது. புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு முக்கிய வேலை.