பொருத்தம் பார்ப்பது யார்?

(பெங்களூரில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



செல்வர் வீட்டு இளைஞன், ஏழைப் பெண். முதலில் சச்சரவு, பின்னர் காதல், முடிவில் மணமேடை. தமிழிலும் கன்னடத்திலும் இத்தகைய குடும்ப நாவல்கள் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை வாசிக்கும் பெண்களை ஏளனம் செய்வது பிழை. துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டில் மறுக்கப்படும்போது, அதைக் கதையிலேனும் காண மனம் விழைகிறது. எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: இணையரைப் ‘பொருத்தமற்றவர்’ ஆக்குவது எது?

வழக்கமான நாவல் குணத்தைக் காரணம் காட்டும். அவன் முன்கோபி, அவள் பிடிவாதக்காரி. மனம் மாறினால் இடைவெளி மறைந்துவிடும். சொத்து இருந்த இடத்திலேயே இருக்கும். சாதி என்ற சொல் பெரும்பாலும் எழாது.

கன்னடத்தில் இந்த வாய்பாட்டை உடைத்தவர்களுள் ஒருவர், 1963இல் தம் 34ஆம் வயதிலேயே மறைந்த திரிவேணி. அவரது ‘பெள்ளி மோட’ நாவலை 1967இல் புட்டண்ண கணகால் திரைப்படமாக்கினார். செல்வந்தரின் ஒரே மகளான இந்திராவை மணக்க மோகன் இசைகிறான். அவள் தந்தையின் பணத்தில் அமெரிக்கா சென்று படிக்கிறான். இதற்கிடையில் அவளுக்குத் தம்பி பிறக்கிறான். சொத்துக்கு வாரிசு மாறியதும் மோகனின் விருப்பமும் மாறுகிறது. பின்னர் விபத்துக்குள்ளான அவனை இந்திராவே பேணுகிறாள். மனம் திருந்தி அவன் மணக்க விழையும்போதோ, அவள் மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பு, காதலுக்குள் ஒளிந்திருந்த சொத்துக் கணக்கை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. பொருளாதார நோக்கங்கள் அகன்றால்தான் பரஸ்பர அன்பு ஒன்றே திருமணத்தின் காரணமாகும் என 1884இலேயே எங்கெல்ஸ் எழுதினார்.

நம் நாட்டில் சொத்தோடு சாதியும் காவல் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரில், பிராமணராகப் பிறந்த மதுவரசரின் மகளும் செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனும் மணந்தனர். அதற்காகத் தந்தையர் இருவரும் கொல்லப்பட்டனர் என்பது சரணர் மரபு. அந்த மணத்தையே கிரீஷ் கர்னாட் 1990இல் ‘தலெதண்ட’ நாடகத்தின் மையமாக்கினார். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) நாவலில் சரோஜாவும் குமரேசனும் காதலித்து மணக்கின்றனர். சாதியின் பெயரை ஆசிரியர் சொல்வதில்லை. ஆயினும் ஊரின் ஒவ்வொரு பார்வையும் அதை உணர்த்துகிறது. அங்கே மணத்திற்குப் பின்னரே கதை தொடங்குகிறது.

வாழ்விலும் அவ்வாறே. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. அது பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படுவதால், எதிர்க்கும் உறவினர்க்கு வழிகாட்டியாகிவிடுகிறது. வயதுவந்த இருவரின் திருமணத்திற்குக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையர்க்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கவும் வழிகாட்டியது. எனினும் 2024 ஜூனில், சாதி மறுப்புத் திருமணத்திற்குத் துணைநின்றதற்காக நெல்லையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் சூறையாடப்பட்டது.

எனவே கடமை இரண்டு. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் கோரிப் போராடுவது ஒன்று. தங்கள் தெருவிலேயே ஓர் இணை உதவி நாடி வரும்போது கதவைத் திறப்பது மற்றொன்று. கதையில் இத்தகைய காதலர்க்காகக் கண்ணீர் சிந்துவோர், தம் மகள் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவள் பக்கம் நிற்க வேண்டும்.