முகாம் கலைந்த பின்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது மரபு. அவ்வாறு பார்க்கும்போது மேடையில் நின்றோர் முதலில் கண்ணிற் படுவர். மேடையை அமைத்தோர் எளிதிற் படார். இவ்வுரை அவ்விரண்டாம் வகையினரைப் பற்றியது. கோடைக்காலச் சாரணர் முகாம்களில் பணியாற்றிப் பிரிந்து சென்ற பணியாளரை நினைவுகூர்தலும், அவர்களைத் தேடி மீண்டும் ஒன்று சேர்த்தலும் இதன் பொருள். இலக்கிய வட்டத்திற்கும் சாரணர் முகாமிற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுதல் இயல்பே. இரண்டும் சில காலம் கூடிப் பின் கலைவன. இரண்டும் பெயர் வெளிவராத பலருடைய உழைப்பால் நிற்பன. இத்தொடர்பே இங்குப் போதுமானது.

பாசறைப் பணியாளர்

'முகாம்' என்பது தமிழுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த சொல். 'பாசறை' என்பது பழஞ்சொல். பகைமேற் சென்ற வேந்தன் படையோடு தங்கும் இடத்தைச் சங்கப் புலவர் பாசறை என்றனர். சாரணர் இரவில் தீ மூட்டிச் சூழ அமர்ந்து பாடும் நிகழ்ச்சியைப் 'பாசறைத் தீ' என்று தமிழிற் பெயரிட்டவர் பொருத்தமறிந்தே பெயரிட்டனர். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஒரு படைத்தலைவர். போர்ப்பாசறையில் தாம் கற்றதைச் சிறுவர்க்குரிய விளையாட்டாகவும் பயிற்சியாகவும் மாற்றியவர்.

பத்துப்பாட்டுள் அளவிற் சிறியது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில் பாசறை விரிவாகப் பேசப்படுகிறது. ஆங்கு வேந்தன் மட்டுமா இருக்கிறான்? விளக்கு அவியுந்தோறும் நெய் வார்த்து ஏற்றும் மகளிர் இருக்கின்றனர். யானையைப் பழக்கும் இளையோர் இருக்கின்றனர். இரவெல்லாம் காவல் சுற்றி வரும் முதியோர், பொழுதளந்து கூறும் நாழிகைக் கணக்கர், கூடாரம் அமைத்த யவனர் ஆகியோரும் இருக்கின்றனர். ஒருவர்க்கும் பெயரில்லை, ஆனால் ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை உண்டு, அவ்வேலையைச் செய்யும் சாயல் உண்டு. துயில் கொள்ளாத வேந்தனின் உள்ளத்திலோ, முன்னைய போரிற் புண்பட்ட களிறுகளும், அம்பு தைத்துத் தீனி கொள்ளாத குதிரைகளும், உண்ட சோற்றுக்கு உரிய கடனைத் தீர்த்து மாண்ட வீரரும் வந்து நிற்கின்றனர். உடன் உழைத்தவரை நினைந்து துயிலிழத்தல் தலைவனுக்குரிய பண்பு என்பதை நப்பூதனார் சொல்லாமற் சொல்லிவிடுகிறார்.

பிரவுன்சீ தொடக்கம்

1907 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தை அடுத்த பிரவுன்சீத் தீவில் பேடன் பவல் தம் சோதனை முகாமை நடத்தினார். அதில் ஏறத்தாழ இருபது சிறுவர் பங்கு கொண்டனர். ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளிலிருந்து ஒரு பாதியும், போர்ன்மத், பூல் ஆகிய ஊர்களின் சிறுவர் படையணிகளிலிருந்து மறு பாதியும் வந்தனர். செல்வச் சிறுவர்க்குக் கட்டணம் ஒரு பவுண்டு. மற்றவர்க்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். வர்க்க வேறுபாடு ஆழ வேரூன்றிய அந்நாட்டில் அவர்கள் ஓநாய், எருது, காக்கை, உள்ளான் என்னும் நான்கு அணிகளாகக் கலந்து ஒரே கூடாரத்திற் படுத்தனர்.

வரலாறு இம்முகாமைப் பேடன் பவலின் முகாம் என்றே அழைக்கிறது. அவருக்குத் துணை நின்றோர் பெயர் அத்துணை வெளிப்பட வழங்குவதில்லை. படையில் அவருடைய நெடுநாள் நண்பராகிய கென்னத் மக்லாரன் உடனிருந்தார். பியர்சன் பதிப்பகத்தின் பெர்சி எவரெட் வந்து கலந்துகொண்டார். ஒன்பது வயதேயான டொனால்டு பேடன் பவல், தம் சிற்றப்பனாரின் ஏவலாளாகத் திரிந்தார். உள்ளூர்ச் சிறுவர் படையணியின் அலுவலர் சிறுவரைத் திரட்டித் தந்தனர். இவர்கள் இன்றேல் அந்த ஒரு வாரம் நடந்திராது.

பின்னர் என்ன நேர்ந்தது? ஏழாண்டு கழித்து 1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. தீவில் விளையாடிய சிறுவர் அப்போது போருக்குரிய அகவையினராக இருந்தனர். அவர்களுள் சிலர் களத்தினின்று திரும்பவில்லை. எஞ்சியோர் 1928 ஆம் ஆண்டில் ஹாம்ப்ஷயரில் இருந்த பேடன் பவலின் இல்லமாகிய பாக்ஸ் ஹில்லில் மீண்டும் கூடினர். இடையே கழிந்தவை இருபத்தோர் ஆண்டுகள். சிறுவராய்ப் பிரிந்தோர் நடுவயதை நெருங்கியோராய் வந்தனர். அக்கூட்டத்தில் வந்தோரை எண்ணும்போதே வாராதோரும் எண்ணப்பட்டிருப்பர். பிரிந்தோர் கூடும் எந்தக் கூட்டத்திற்கும் இக்கணக்கு உண்டு. காலந்தாழ்த்துந்தோறும் அக்கணக்கில் வாராதோர் பக்கம் வளரும் என்பது அதன் கடுமை.

கில்வெல்லில் இருவர்

1919 ஆம் ஆண்டில், எஸெக்ஸ் மாவட்டத்தைச் சார்ந்த கில்வெல் தோட்டம் சாரணர்க்கெனக் கொடையாகப் பெறப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சாரணத் தலைவர்க்கான முதல் பயிற்சி ஆங்கு நடைபெற்றது. அப்பயிற்சியை நடத்தியவர் முதல் முகாம்த் தலைவராகிய பிரான்சிஸ் கிட்னே. அவர் 1923 இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார்; 1928 இல் மறைந்தார். மறைந்த பின்னரே அவர் பெயரால் கில்வெல்லில் ஒரு நினைவுக் குடில் எழுந்தது. நன்றி பிழையின்றிச் செலுத்தப்பட்டது; ஆயினும் பெறவேண்டியவர் அதனைக் காணவில்லை.

இரண்டாமவர் டான் பாட்டர். 1902 இல் பிறந்த இவர் இளமையிற் கில்வெல் பணியாளராகச் சேர்ந்தார். 1928 இல் இவர் செதுக்கிய சிறுத்தை வாயில் அத்தோட்டத்தின் அடையாளங்களுள் ஒன்று. மரத்தில் உளியோட்டிய முகாம்ப் பணியாளர் பின்னர்ச் சிற்பி எரிக் கில்லிடம் கல்லிற் பயின்றார். பிரையன்ஸ்டன் பள்ளியில் நாற்பதாண்டுக்கு மேல் கலை கற்பித்தார். இலண்டனில் பேடன் பவலுக்குக் கருங்கற் சிலை வடித்தவரும் இவரே. பிரவுன்சீ முகாமின் அறுபதாம் ஆண்டு நிறைவாகிய 1967 ஆகஸ்டு முதல் நாளில் அத்தீவில் திறக்கப்பட்ட நினைவுக்கல்லும் இவர் கைவண்ணமே. 2004 ஆம் ஆண்டில் நூற்றிரண்டாம் அகவையில் மறைந்தார்.

இவ்விருவர் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துக் காண்டல் தகும். ஒருவர்க்கு அவர் இல்லாதபோது நினைவு எழுந்தது. மற்றவரோ முகாம் தந்த திறனைக் கொண்டே முகாமின் நினைவை எழுப்பினார். கவிஞர்க்கு இரண்டாமவர் நெருங்கிய உறவினர் எனலாம். கூடிய காலத்தில் கற்றதை, கூட்டம் கலைந்த பின் கல்லிலோ சொல்லிலோ ஆக்குதல் கலைஞர் தொழில்.

பில்மாண்ட் மலைகளில்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிமரோன் ஊரை அடுத்துள்ளது பில்மாண்ட் சாரணர் பண்ணை. எண்ணெய்த் தொழிலில் செல்வம் ஈட்டிய வெய்ட் பிலிப்ஸ் 1938 இல் 35,857 ஏக்கர் மலைநிலத்தைச் சாரணர்க்கு வழங்கினார்; 1941 இல் மேலும் பெருநிலமும், பராமரிப்பிற்கு வருவாய் தர டல்சா நகரத்து மாடிக் கட்டடம் ஒன்றும் வழங்கினார். பின்னும் நிலம் சேர்ந்து இன்று ஏறத்தாழ 1,40,000 ஏக்கர். அதன் மிகுவுயர் சிகரம் 12,441 அடி.

கோடைதோறும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஆங்குப் பணிக்கு வருவர். பெரும்பாலோர் கல்லூரி இளைஞர். ஊதியம் சிறிது. மலைமுகாம்களில் ஒருவர் கொல்லுலை ஊதிக் காட்டுவார். ஒருவர் பழைய சுரங்கத்தினுள் வழிகாட்டுவார். ஒருவர் கழுதைகளுக்குத் தீனியிடுவார். மாலையில் அவர்களே கதை சொல்வர், பாடுவர். அவர்களுள் 'ரேஞ்சர்' எனப்படுவோர் பணி தனித்தன்மை உடையது. புதிதாய் வந்த குழுவோடு ரேஞ்சர் முதல் இரண்டு மூன்று நாள் நடப்பார். நிலப்படம் பார்த்தல், உணவைக் கரடிக்கு எட்டாதபடி கட்டித் தூக்குதல், நீரைத் தூய்மை செய்தல் ஆகியவற்றைப் பழக்குவார். பின்னர் விடைபெற்றுத் திரும்பிவிடுவார். எஞ்சிய நாள்களைக் குழு தானே நடந்து முடிக்கும். தாம் வேண்டப்படாத நிலையை உண்டாக்குவதே அவருடைய தொழில். அதில் வெற்றி பெறுந்தோறும் அவர் மறக்கப்படுவதற்கு உரியவராகிறார். ஆசிரியத் தொழிலுக்கும் இஃது பொருந்தும்.

இவ்வாறு கோடைதோறும் வந்து பிரிந்தோர் 1973 ஆம் ஆண்டில் பில்மாண்ட் பணியாளர் சங்கத்தை அமைத்தனர். அதற்கு ஓர் இதழ் உண்டு, ஆண்டுக்கூட்டம் உண்டு. பழைய பணியாளர் விடுமுறையில் மலைக்குச் சென்று பாதை செப்பனிடும் வழக்கமும் உண்டு. ஒரே கோடையில் பணியாற்றாதோரும் அச்சங்கத்தில் நண்பராகின்றனர். ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் அறிந்த தமிழர்க்கு இது வியப்பன்று. அவர்களை உணர்ச்சி பிணித்தது. இவர்களை ஒரே மலைப்பாதையும் ஒரே வேலையும் பிணிக்கின்றன.

2018 மே 31 இல் யூட் பார்க் அருகே மூண்ட காட்டுத்தீ பில்மாண்ட் நிலத்தின் ஒரு பகுதியை எரித்தது. அவ்வாண்டு மலைநடைப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. பண்ணையின் வரலாற்றில் அதுவே முதன்முறை. பின்னர் 2020 இல் கொள்ளை நோயாலும் நின்றன. ஓரிடத்தின் நினைவு அவ்விடத்திலேயே பத்திரமாக இருக்கும் என்னும் எண்ணத்தை அத்தீ உடைத்தது. மரம் எரிந்த சரிவில் முன்னாள் பணியாளர்க்கு எஞ்சியவை ஒருவர் மற்றவரிடம் சொல்லக்கூடிய சொற்களே.

நினைவும் உண்மையும்

இவ்வளவோடு உரையை நிறுத்தினால் கேட்க இனிதாக இருக்கும். ஆனால் உண்மை குறைபடும். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் தலைவர், பணியாளர் என்னும் பெயரில் இருந்தோருட் சிலர் சிறுவர்க்குப் பாலியற் கொடுமை இழைத்தனர். அவற்றைக் குறித்து இயக்கம் மறைவாக வைத்திருந்த கோப்புகள் 2012 இல் நீதிமன்ற ஆணையால் வெளிவந்தன. 2020 பிப்ரவரியில் இயக்கம் கடன் தீர்க்க இயலாமைக்கான சட்டப் பாதுகாப்பை நாடியது. அவ்வழக்கில் 82,000க்கு மேற்பட்டோர் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை முறையிட்டனர். 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 246 கோடி டாலர் இழப்பீட்டு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதில் தம் பங்கைச் செலுத்த வட்டாரக் கிளைகள் பல தம் முகாம் நிலங்களை விற்றன. 2025 பிப்ரவரியில் இயக்கத்தின் பெயரே மாற்றப்பட்டது.

ஆகவே, பழைய முகாம்ப் பணியாளரைத் தேடிச் செல்வோர் இரண்டையும் எதிர்கொள்கின்றனர். இருட்டில் அஞ்சிய சிறுவனுக்குக் கைவிளக்குத் தந்து அருகில் அமர்ந்திருந்தவரும் பணியாளரே. நம்பி வந்த சிறுவனைக் கெடுத்தவரும் அப்பெயர் பூண்டவரே. முன்னவரை நினைந்து பின்னவரை மறைத்தல் அறமன்று. பின்னவரைச் சுட்டி முன்னவர் அனைவரையும் பழித்தலும் அறமன்று. ஒன்றுகூடலுக்கு வர மறுக்கும் ஒருவர், அவ்விடத்தின் பெயரைக் கேட்கவும் பொறாதவராக இருக்கக்கூடும். அவர் வாராமையும் ஒரு சாட்சியே. அழைப்போர் அதனை மதித்தல் வேண்டும். ஏன் வரவில்லை என்று வற்புறுத்தல் ஆகாது.

வள்ளுவர் 'நட்பு' என்னும் அதிகாரத்தோடு அமையாமல் அதன்பின் 'நட்பாராய்தல்', 'பழைமை' என இரண்டு அதிகாரங்களை வைத்தார். நெடுங்காலம் பழகியவர் என்னும் உரிமை தனியே போற்றத்தக்கது. எனினும் ஆராய்தல் அதற்கு முன்னே நிற்கிறது. தீ நட்பும் கூடா நட்பும் பின்னே வந்து எச்சரிக்கின்றன. நினைவுகூர்தலுக்கும் இவ்வைப்புமுறை ஏற்றது.

நிறைவாக

பத்தாண்டு நிறைவெய்திய இலக்கிய வட்டத்திற்கும் அதன் மலருக்கும் இவற்றினின்று கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, பெயர் எழுதுதல். கவியரங்கில் பாடியோர் பெயர் மலரில் தாமே வந்து அமரும். மாதந்தோறும் பாய் விரித்தவர், அஞ்சலட்டை எழுதி முகவரியிட்டவர், கூட்டத்திற்கு இடம் கேட்டு அலைந்தவர், பிழை திருத்தியவர், தேநீர் கொணர்ந்தவர் பெயர் யாரேனும் எழுதினாலன்றி வாரா. நப்பூதனார்க்குப் பாசறையில் விளக்கேற்றியவரின் பெயர் கிடைக்கவில்லை. வட்டத்தில் விளக்கேற்றியவர் பெயர் உறுப்பினர்க்குத் தெரியும்.

இரண்டாவது, இருக்கும்போதே தேடுதல். பணியிட மாற்றத்தாலும், திருமணத்தாலும், முதுமையாலும் வட்டத்தை விட்டு அகன்றோர் உளர். ஒருவர் முகவரி கிடைப்பின் அவர்வழி மற்றும் இருவர் முகவரி கிடைக்கும். பாக்ஸ் ஹில் கூட்டத்திற்கு இருபத்தோர் ஆண்டு ஆயிற்று. வட்டத்திற்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.

மூன்றாவது, மனக்கசப்போடு விலகியோர்க்கும் எழுதுதல். எந்த அமைப்பிலும் பத்தாண்டில் அத்தகையோர் இருப்பர். அவர்கள் வருவதும் வாராமையும் அவர்கள் உரிமை. அவர்கள் செய்த பணி மட்டும் அவர்களோடு விலகிப் போய்விடவில்லை; அஃது இங்கேயே இருக்கிறது. அதனை ஒப்புக்கொண்டு ஒரு மடல் எழுதுவது வட்டத்தின் கடன். விழா முடிந்து, பந்தல் பிரிக்கப்படுமுன் அம்மடல்கள் எழுதப்படுமாயின் இவ்விழா பயனுடையதாகும்.